ஏழாம் பாத்திக்கு வந்த காடு

தருவைப்பாட்டு உப்பளத்தில், கார்த்திகை மழை ஓய்ந்து, பாத்திகளில் தேங்கிய மழைத்தண்ணீரை மோட்டார் வைத்துக் கடலுக்கு இறைத்துவிட்டு, களிமண்ணைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கும் பாத்தி மிதிப்புக்கு நாள் குறித்த மார்கழி முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், முந்நூறு சாம்பல்தலை மைனாக்கள் வடக்கேயிருந்து வந்தன. வந்தவை உட்கார மரம் தேடின. சுற்றி மூன்று கல் தூரத்துக்கு ஒரு உடைமரம்கூடக் கிடையாது. அதை அவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், ஏழாம் நம்பர் பாத்திக்கு மேலே, கை எட்டும் உயரத்திலிருந்து பனை உயரம் வரைக்கும், வெறும் காற்றில் வரிசை வரிசையாக உட்கார்ந்து இறகைக் கோத ஆரம்பித்துவிட்டன.

இதைப் பார்த்து உப்பளத்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடல் தண்ணீரை வரப்புக் கட்டி வெயிலில் காயவைத்து, கல்லாக்கி, கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறவர்கள் அவர்கள். எது எதுவாக மாறலாம், எது எதன்மேல் உட்காரலாம் என்பதில் அவர்களுக்குப் பெரிய கண்டிப்பு கிடையாது. “குருவி வந்துட்டு” என்றாள் ஒருத்தி. “காட்டுக் குருவில்லா அது” என்றாள் இன்னொருத்தி. மிதிப்பு வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒருதடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் தங்கபுஷ்பம் மட்டும் மேலே பார்க்கவில்லை, கீழே பார்த்தாள். ஏழாம் பாத்தியின் ஈரக் களிமண்ணில் நிழல் விழுந்திருந்தது. பறவைகளின் நிழல் இல்லை, அது புள்ளி புள்ளியாகத்தான் விழும். இது இலையின் நிழல், கிளையின் நிழல், காற்றில் அசைந்து அசைந்து அடர்ந்து கிடந்த ஒரு முழுத் தோப்பின் நிழல். வெள்ளை வெயிலில் இருபது வருஷம் கண்ணைச் சுருக்கியே பழகியவளுக்கு அதைப் பார்த்ததும் நெற்றி தானாக விரிந்தது.

அவளுக்கு அது வெறும் நிழல் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, சுகந்தி, ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. மாமியார் போன ஆடி மாதம் இறந்துவிட்டாள். புருஷன் செல்வின் உப்பு லாரி ஓட்டுகிறவன், லோடு ஏற்றிக் கேரளா போனால் திரும்பி வர ஒரு வாரம். வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்றால் தருவைப்பாட்டில் அதற்கும் வழி இல்லை, ஏனென்றால் அங்கே மிதிப்பு வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் எந்த இடத்தில் நிற்கிறாளோ அதுதான் ஒருத்திக்கு அந்த வருஷம் முழுக்க இடம். மிதிப்பிலும் அதுவே, பிறகு உப்பு வாருவதிலும் அதுவே. ஒருத்தி வரவில்லை என்றால் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அரை எட்டு நகர்ந்து இடைவெளியை மூடிவிடுவார்கள், மூடினால் மூடினதுதான். இதில் பகையும் கிடையாது பொல்லாப்பும் கிடையாது. இடைவெளி விட்டால் அந்தப் பட்டையில் மண் இளகிக் கிடக்கும், உப்பு கறுத்துப் போகும்.

அதனால்தான் அவள் முந்தின நாளே உப்பளத்தை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தேவசகாயத்திடம் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, புள்ளய வீட்டுல விட ஆளு இல்ல. குடைய நட்டு வரப்புல போட்டுக்கிடுதேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

“அது நடக்காதுளா. நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு புள்ள இப்பிடித்தான் குடைக்கடியில கெடந்து கண்ணு சொருகிட்டு. ஆஸ்பத்திரியில வச்சுப் பொழைக்க வைக்கதுக்குள்ள பெத்தவ பாதி செத்துட்டா.”

“அப்ப நான் என்ன செய்ய அண்ணாச்சி?”

“வெயில்ல புள்ளயப் போடக் கூடாது. அம்புட்டுதான் இங்க சட்டம். நெழலு இருக்கா? இருந்தா கொண்டா. யாரு வேண்டாங்கா?”

தேவசகாயம் கெட்ட மனிதர் இல்லை. முட்டிவலிக்காரர், கறுப்புக் குடை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதவர், நடக்காது என்று தெரிந்தவற்றுக்கு மட்டும் தாராளமாக வாக்குக் கொடுக்கிறவர். உப்பளம் தோன்றிய நாளிலிருந்து அங்கே நிழல் என்ற ஒன்று இருந்ததில்லை என்ற தைரியத்தில்தான் அதைச் சொன்னார். சொன்னதைப் பதினோரு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ரோசிலி பத்து மணிவரைக்கும்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். தங்கபுஷ்பம் வரிசையில் தன் இடப்பக்கம் நின்ற ஜெயக்கொடியிடம், “மயினி, எடத்தப் பாத்துக்கோ” என்றாள். பிறகு வரப்புமேல் நடையும் ஓட்டமுமாக வீட்டுக்குப் போய், பழைய நூல் சேலை ஒன்றையும் சுகந்தியையும் தூக்கிக்கொண்டு, பத்து மணி அடிக்கிறதற்குள் கணக்கப்பிள்ளைக்கு எதிரே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நெழலு வந்துட்டு.”

தேவசகாயம் மேலே பார்த்தார். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் வேறெங்கோ பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் காலைப் பார்த்தார். வலது கால் வெயிலிலும் முட்டிவலிக்கார இடது கால் நிழலிலும் இருந்தது, நிழலில் இருந்த கால் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

“வந்துட்டு, சரி. தூளிய எதுல கெட்டுவ? காத்துலயா?”

தங்கபுஷ்பம் சேலையை உதறி விரித்தாள். வரப்புக்கு நேர் மேலே ஒரு மைனா உட்கார்ந்து எழுந்து போன இடத்தைக் குறி வைத்து வீசினாள். சேலை அங்கே விழுந்து, இருபக்கமும் தொங்கி, நின்றது. முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், தானே ஒருதடவை தொங்கியும் பார்த்தாள், பிறகு சுகந்தியை உள்ளே போட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, வரிசைக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள். ஜெயக்கொடி அதற்குப் பிறகு தானும் ஒரு தூக்குவாளியை மாட்டிப் பார்க்கலாம் என்று எச்சம் விழாமலிருக்கப் பறவை உட்காராத இடமாகப் பார்த்து மாட்டினாள். சோறு மண்ணோடு போயிற்று. பறவை உட்கார்ந்த இடத்தில் கிளை உண்டு, உட்காராத இடத்தில் கிளை இல்லை. இவ்வளவுதான் அதன் சட்டம், ஒரு வாரத்துக்குள் தருவைப்பாட்டில் நண்டும் சிண்டும் அதைத் தெரிந்துவைத்திருந்தன.

அந்தப் பறவையைப் பற்றியும் தெரிந்துகொண்டார்கள். வீட்டுக்கூரையில் வந்து சோறு பொறுக்குகிற மைனாவைவிட ஒரு சுற்றுச் சிறியது. தலையும் முதுகும் சாம்பல் நிறம், வயிறு செங்கல் பொடி நிறம், பறக்கும்போது விரியும் வாலின் ஓரமும் அதே நிறம். அலகு நுனியில் மஞ்சள், அடியில் நீலம். கண்ணில் வெள்ளை வளையம், அதனால் எப்போதும் எதையோ கேட்டு அதிர்ச்சியானதுபோல ஒரு பார்வை. தனியாக ஒன்று எதையும் செய்யாது. ஒன்று எழுந்தால் முந்நூறும் எழும், ஒரே துணியை உதறியதுபோலத் திரும்பும், மறுபடி அதே கிளையில் அதே இடத்தில் உட்காரும். பொழுது சாயும்போது எல்லாம் சேர்ந்து பேசிக்கொள்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. பகலில் திடீரென்று பத்து இருபது காற்றுக்குள் நுழைந்து காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் வெளியே வரும்போது நெற்றி முழுக்க மஞ்சளாகப் பூந்தூள் ஒட்டியிருக்கும். அவை பாதி தின்று போட்ட அத்திப்பழங்கள் பாத்தி வரப்பில் விழுந்து கிடந்தன. எடுத்துக் கடித்துப் பார்த்த ஜெயக்கொடி, இனிப்புக் கம்மிதான், ஆனால் அத்திதான் என்று சத்தியம் செய்தாள்.

டவுனில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஹெப்சிபா டீச்சர் கேள்விப்பட்டு ஸ்கூட்டியில் வந்தாள். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் தூரக்கண்ணாடியில் பார்த்து, நோட்டில் ‘கிளையில் அமர்ந்திருந்தன’ என்று எழுதினாள், அடித்தாள், மறுபடி அதையே எழுதினாள்.

“இது காட்டுப் பறவை. காட்டோரம், பூ பூக்கிற மரம், அத்தி மரம் இதெல்லாம் இருந்தாத்தான் இறங்கும். மரம் இல்லாத இடத்துல தங்கவே தங்காது” என்றாள்.

“அப்ப மரம் இருக்குன்னுதான டீச்சர் அர்த்தம்” என்றாள் ஜெயக்கொடி.

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டாள். “இது சொந்தமாப் பொந்து தோண்டாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ தோண்டிட்டு விட்டுப்போன பழைய பொந்துலதான் குடியிருக்கும்.”

“வாடக வீட்டுக்காரிய.”

“முட்டை இடுறது இங்க இல்ல. குளிருக்கு இங்க வந்து, தின்னுட்டு, முட்டை இட வடக்கே போயிரும்.”

“நாம வேலக்கி வந்துட்டுப் பிள்ளப்பேறுக்கு அம்மா வீட்டுக்குப் போறமே, அது மாதி.”

எல்லாரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. “எப்பம் டீச்சர் போவும்?” என்று கேட்டாள்.

“பங்குனி. மிஞ்சினா சித்திரை.”

உப்பு வாருவது புரட்டாசி வரைக்கும் உண்டு. தங்கபுஷ்பம் சேலை மடிப்புக்குள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், எப்படி எண்ணினாலும் ஐந்து மாதம் இடித்தது.

மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்களுக்கு நிழலைப் பங்கு வைக்கிற வேலையே சரியாக இருந்தது. சூரியன் நகர நகர நிழலும் ஏழாம் பாத்தியிலிருந்து எட்டாம் பாத்திக்கு நகர்ந்ததால், காலையில் நிழல் யாருக்கு, மத்தியானம் யாருக்கு என்று இந்த வரிசைக்கும் எட்டாம் பாத்தி வரிசைக்கும் பெரிய வழக்காகி, கடைசியில் நிழலுக்கு அதுவாகத் தெரியும் யாரிடம் போக வேண்டும் என்று, யாரும் அதை இழுக்கவோ தடுக்கவோ கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. மாதா கோயில்காரர்கள் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கொண்டுவந்து மேல்கிளையில் கட்டினார்கள். அதைப் பார்த்து முத்துமாரியம்மன் கோயில்காரர்கள் அதற்குக் கீழ்க்கிளையில் மணி கட்டினார்கள். காற்றடித்தால் நட்சத்திரம் மணியில் இடித்து இரண்டு கோயிலுக்கும் சேர்த்துச் சத்தம் வந்தது. டீக்கடைக்காரர் பாய்லரை அந்த நிழல் விழுந்த வரப்புக்குக் கொண்டுவந்தார், அவருக்குப் பின்னாலேயே முடிவெட்டுகிறவர் கண்ணாடியோடு வந்து அதைப் பறவை உட்கார்ந்த இடமாகப் பார்த்து மாட்டினார். அடுத்தவர் வேலியில் கிளை வெட்டியே பெயர் வாங்கின பூலோகம் என்பவர் அரிவாளோடு வந்து ஒரு காலைப்பொழுது முழுக்கக் காற்றை வெட்டினார். விறகு ஒன்றும் கிடைக்கவில்லை, தோள்பட்டைக்கு ஒரு வாரம் ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது. லாரிக்காரர்கள் அந்த இடத்தில் கிளை இடிக்குமோ என்று தலையைக் குனிந்து ஓட்டினார்கள். கூடை சுமக்கிற பெண்கள் மத்தியானச் சோற்றை முதன்முதலாக உட்கார்ந்து, மெதுவாக, பேசிக்கொண்டே தின்றார்கள். இவ்வளவு வருஷமாகத் தாங்கள் நின்றுகொண்டே தின்றது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

சுகந்தி அந்தத் தூளியில் தூங்கினாள், விழித்தாள், இலை நிழல் முகத்தில் ஆடுவதைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவளுக்கு முதல் பல் முளைத்ததும் அங்கேதான்.

மாசி மாதம் மற்றப் பாத்திகளில் உப்பு பூத்தது. ஏழாம் பாத்தியில் பூக்கவில்லை. வெயில் படாத தண்ணீர் எப்படி உப்பாகும்? மற்றப் பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக் குவித்துக்கொண்டிருக்க, ஏழாம் பாத்தி குளம்போலக் கிடந்து, பறவைகள் தலைகீழாகத் தெரிய, எந்த அவசரமும் இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது. டவுனிலிருந்த முதலாளி போனில் தேவசகாயத்தைப் பிடி பிடி என்று பிடித்தார். தேவசகாயம் தகர டின்னைத் தட்டினார், வேட்டுப் போட்டார், வைக்கோலுக்குத் தன் பழைய சட்டையைப் போட்டு ஒரு பொம்மையும் நட்டார். மைனாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன, பொம்மையின் தலையில் மட்டும் கூடுதலாக இரண்டு. முதலாளிக்கு அவர், “பாத்துக்கிட்டிருக்கேன் முதலாளி” என்றே தினமும் பதில் சொன்னார். தினமும் பதினோரு மணிக்கு டீ கிளாசோடு அந்த நிழலுக்கு வந்து முட்டியை நீட்டி உட்காருவதையும் அவர் நிறுத்தவில்லை.

டின்னுக்கும் வேட்டுக்கும் போகாத பறவைகள் மாசிக் கடைசியில் தாமாகவே குறைய ஆரம்பித்தன. தங்கபுஷ்பம்தான் முதலில் கண்டாள். சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது; மழைக்குழிகளும் வற்றிவிட்டன. குடிக்க ஆற்றுப்பக்கம் போகிற மைனாக்களில் பத்து போனால் எட்டுத்தான் திரும்பின. திரும்பாதவற்றின் கிளைகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. முடிவெட்டுகிறவரின் கண்ணாடி ஒருநாள் விழுந்து உடைந்தது. தூளி தொங்கிய கிளையில் உட்காருவது ஏழாக இருந்து நான்காகி, இரண்டாயிற்று.

உப்பளத்தில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. பாத்தியில் நல்ல தண்ணீர் விடக் கூடாது. மழை பெய்தால்கூட அங்கே வானத்தைத் திட்டுவார்கள். கையலம்பிய நல்ல தண்ணீரைக்கூட வரப்புக்கு அந்தப்பக்கம்தான் கொட்டுவார்கள். பிள்ளையாக இருக்கும்போதே அது ரத்தத்தில் ஊறியிருக்கும். தங்கபுஷ்பம் ஒரு புதன்கிழமை, ஏழாம் பாத்தியின் மூலையில் சின்னதாக ஒரு வரப்புக் கட்டி, உள்ளேயிருந்த உப்புத்தண்ணீரை இறைத்துவிட்டு, ஒன்றரைக் கல் தொலைவிலிருந்து சுமந்து வந்த தன் குடிதண்ணீர்க் குடத்தை அதில் கவிழ்த்தாள். குடம் கவிழும்போது கோயிலில் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல இருந்தது. தண்ணீர் தேங்கிய உடனே இரண்டு மைனாக்கள் இறங்கிக் குடித்தன, பிறகு இருபது, பிறகு எல்லாம். அன்று மத்தியானம் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜெயக்கொடி ஒன்றும் கேட்காமல் தன் குடத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு பேரும் இரண்டு இரண்டு குடம் கொண்டுவந்தார்கள்.

கட்டிய வரப்பு கசிந்து, பாத்தித் தண்ணீரும் இளகிப்போயிற்று. தேவசகாயம் உப்பு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை ஏழாம் பாத்தியில் போட்டுப் பார்த்தார். இருபதுக்கு மேல் நிற்க வேண்டியது ஆறில் நின்றது. குழாயை உதறித் துடைத்து இன்னொருதடவை போட்டார், ஆறுதான்.

“நல்ல தண்ணிய ஊத்துனது யாரு?” குரல் உயரவே இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

“நான்தான் அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம்.

“ஏளா, உப்பளத்துல பொறந்தவதான நீ?”

“ஆமா அண்ணாச்சி. எம்புள்ளயும் இங்கதான் கெடக்கா.”

அவர் தூளியைப் பார்த்தார். மேலே பார்த்தார். முதலாளி காதில் இது விழுந்தால் முதலில் போகிற தலை தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் வீடு இருந்தது, கட்டிக்கொடுக்காத மகள் இருந்தாள்.

“நெழலு இருந்தா கொண்டான்னு நாந்தான் சொன்னேன். சொன்ன சொல்ல மாத்த மாட்டேன். நெழலு இருக்க வரைக்கும் இரு. பறவ போற அன்னைக்கி பாத்தியில மறுபடி உப்பேறின கெட்டித் தண்ணி பாயும், நீயும் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிரணும். என்னா?”

“சரி அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் வந்ததும் முதலில் கிளையைத்தான் பார்த்தாள். தண்ணீர் கண்ட மைனாக்கள் திரும்பவும் நிறைந்து உட்கார்ந்திருந்தன. ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போனது, காற்று திசை மாற ஆரம்பித்தது, பொழுது சாயும்போது அவை போடுகிற சத்தத்தில் ஒரு புது அவசரம் இருந்தது. பறவைக்குத் தண்ணீர் வைக்கலாம், போகாதே என்று சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஒவ்வொரு நாளும் குடத்தைக் கவிழ்க்கும்போது, இன்னைக்கு ஒரு நாள் இருங்க தாயி என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பங்குனி இருபத்தொன்றாம் தேதி, பதினொன்றரை மணி. பெண்கள் கிழக்குக் கோடியில் பதினோராம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு மைனா எழுந்தது. பிறகு முந்நூறும் எழுந்தன, எப்போதும்போல ஒரு சுற்றுச் சுற்றின, எப்போதும்போலத் திரும்பி உட்காரப்போகிறவைபோலத் தாழ்ந்தன, உட்காரவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி, உயர்ந்து, வடக்கே போயின. தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தபோது வானத்தில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

வாரிக்கொண்டிருந்த பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். உப்பளத்தில் யாரும் வரப்பில் ஓடுவதில்லை, ஓடினால் வரப்பு உடையும், ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றுக்குள் போகும். அவள் ஓடினாள். பத்தாம் பாத்தி, ஒன்பதாம் பாத்தி, எட்டாம் பாத்தி. தூரத்தில் நிழல் கரைவது தெரிந்தது. உச்சியிலிருந்து ஆரம்பித்து, கிளை கிளையாக, அவசரமில்லாமல். மேல்கிளை போய் நட்சத்திரம் விழுந்தது. அதற்குக் கீழே மணி விழுந்து உருண்டது. ஏசுவே, மாரித்தாயே என்று வாய்க்கு வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, கால் வழுக்கி விழுந்து, எழுந்து, முட்டியில் உப்பு எரிய அவள் ஏழாம் பாத்தி வரப்பில் ஏறியபோது, கிளை ஒன்றுகூட மிச்சமில்லை.

தூளி தொங்கிக்கொண்டிருந்தது.

தேவசகாயம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிச் சேலை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ கிளாஸ் காலடியில் கவிழ்ந்து கிடந்தது. கறுப்புக் குடையை விரித்துக் கைப்பிடியைச் சட்டைக் காலருக்குள் செருகியிருந்தார், அது அவர் தலையை விட்டுவிட்டுத் தூளிக்கு மேலே சாய்ந்திருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை.

“மெதுவா வா” என்றார். “தூங்குதா.”

தங்கபுஷ்பம் உள்ளே எட்டிப் பார்த்தாள். சுகந்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவளைப் பார்த்தபிறகுதான் தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்காமல் நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தாங்க அண்ணாச்சி, எடுத்துக்கிடுதேன். பறவ போயிட்டு. நானும் போறேன்” என்றாள்.

“எங்க போவ? பதினோராம் பாத்தியில பாதி வாராமக் கெடக்கு.”

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. கொஞ்ச நேரம் அடிக்க விட்டார். நிற்கவில்லை. “எடுளா. எங்காதுல வை.”

அவள் எடுத்து வைத்தாள். முதலாளியின் குரல் அவளுக்கும் கேட்டது. “என்ன தேவசகாயம், பறவை எல்லாம் டவுனுக்கு மேல வடக்கே போவுதே. ஏழாம் பாத்திக்குக் கெட்டித் தண்ணி பாய்ச்சியாச்சா?”

“இல்ல முதலாளி.”

“ஏன்?”

தேவசகாயம் தூளிக்குள் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் முதலாளியிடம் அவர் சரி என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை, அதற்கு வாய் பழகியிருக்கவில்லை, அதனால் சொல்ல வந்தது கொஞ்சம் தடுமாறித்தான் வெளியே வந்தது. “பறவ போயிட்டு முதலாளி. ஆனா நெழலு போவக் கூடாது. பொம்பளைய இத்தன வருசமா வெயில்ல நின்னுக்கிட்டுச் சோறு தின்னுருக்காவ, நான் கண்டுக்கல. நீங்களும் கண்டுக்கல. ஏழாம் பாத்தியில இந்த வருசம் உப்பு இல்ல. எட்டுக் கம்பும் அம்பது ஓலையும் அனுப்பி வையிங்க, கொட்டக போடணும்.”

முதலாளி போனுக்குள் ஒருதடவை செருமினார். பிறகு, “வெயில்ல மண்டை கலங்கிட்டாய்யா ஒமக்கு? கம்பு என்ன கையிலயா இருக்கு? வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வீரு?”

பதினோராம் பாத்தியிலிருந்து பெண்கள் எல்லாரும் வரப்பு உடையாமல் வரிசையாக நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி சேலை முடிச்சின் இந்தப்பக்கத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி குடையை உருவி நேராகப் பிடித்தாள்.

“நாங்க நிப்போம் முதலாளி” என்றார் தேவசகாயம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலை நேரத்தில் முறை வைத்து அப்படியே நின்றார்கள். டீக்கடைக்காரர் நின்றார், பூலோகம் ஒரு காலைப்பொழுது நின்றார், டீச்சர் பறவை போனதைக் குறிக்க வந்த இடத்தில் நோட்டை மூடிவைத்துவிட்டு அரைமணி நேரம் நின்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் லாரியில் கம்பும் ஓலையும் வந்து இறங்கியபோது முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தேவசகாயம்தான். கொட்டகை போட்டு முடித்து, இனி கையை எடுங்கள் அண்ணாச்சி என்று தங்கபுஷ்பம் சொன்னபோதும் அவர் எடுக்கவில்லை. முதலில் நீ அந்தக் கம்பில் ஒருதடவை தொங்கிப் பார், பிறகு எடுக்கிறேன் என்றார்.